காலி எடை

நாவல் முடிந்தபோது ராத்திரி இரண்டே கால்.
எடைமேடையில் ஒரு லாரி ஏறி நின்றிருந்தது,
போச்சம்பள்ளிப் பக்கத்துப் பெங்களூரா மாங்காய்,
பதினாறாயிரத்து நானூற்று இருபது கிலோ.
சீட்டு அடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.
"மேடம், தூக்கமா?" என்றான் டிரைவர்.
இல்லைப்பா, அஞ்சலாட்சி போய்விட்டாள் என்று
அவனிடம் எப்படிச் சொல்வது?
கதவைத் திறந்தே போட்டுவிட்டு,
அடுப்பில் பால் இருக்கும்போதே,
நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் பாதியில்
இறங்கி நடந்துவிட்டாள்.
மீதிப் பாதி வெறும் தாள்.
அதையும் கொஞ்ச நேரம் படித்தேன்.

காவேரிப்பட்டணம் கிளை நூலகத்தில்
ஷமீம் அக்கா மூன்று புத்தகம் எடுத்துக் கொடுத்தார்.
"இதெல்லாம் அதே மாதிரிதான் இருக்கும்."
அதே மாதிரி இருந்ததுதான் சிக்கல்.
முதலாவதில் ஒரு ரயில் வந்தது, யாரோ இறங்கினார்கள்.
அவள் இல்லை. மூடினேன்.
இரண்டாவதில் இரண்டு பக்கத்துக்கு மழை,
நான் நனையவில்லை.
மூன்றாவது நல்ல நாவல்தான்.
நல்ல இடத்து மாப்பிள்ளை,
காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

எங்கள் கணக்கு எளிது.
பாரத்தோடு ஒரு எடை,
கொட்டிவிட்டு வரும்போது காலி எடை,
கழித்தால் வருவது காய்.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தை ஏற்றிக்கொண்டு
எங்கே கொட்டுவது என்று தெரியாமல்
ஒன்பது நாள் சுற்றினேன்.
கூழ் ஆலையின் புளித்த வாடை
துப்பட்டாவில், டவுன் பஸ்ஸில், சாப்பாட்டில்.
"யார்கூட சண்டை?" என்று வீட்டில் இவர் கேட்டார்.

திருப்பிக் கொடுக்கிற நாளில் கடைசியாக ஒருமுறை புரட்டினேன்.
இருநூற்று ஏழாம் பக்கம், ஓரத்தில், பென்சிலில்:
"பொய். இவள் அழமாட்டாள்."
'ழ'வுக்கு வால் கொஞ்சம் நீளம்.
முதல் தடவையே பார்த்ததுதான்,
லைப்ரரி புத்தகத்தில் கிறுக்குகிற ஜென்மம் என்று
திட்டியும் இருக்கிறேன்.
இப்போதுதான் உறைத்தது:
அஞ்சலாட்சியைத் தெரிந்த இன்னொரு ஆள்
இந்த ஊரில் இருக்கிறார்.

அன்றைக்கு நான் நாவல் தேடவில்லை,
அந்த வாலைத் தேடினேன்.
மேல்தட்டில் ஆரம்பித்து, ஓரம் ஓரமாக.
நெடுஞ்சாலைப் புழுதி, ஒரு பஸ் டிக்கெட்,
காய்ந்த வேப்பிலை, யாரோ போட்ட கூட்டல் கணக்கு,
அதுவும் தப்பு.
"என்னம்மா, உள்ளே பணம் எதையாவது வைத்துத் தொலைத்துவிட்டாயா?"
மூடுவதற்குக் கால் மணி இருக்கும்போது
கீழ்த்தட்டில், அட்டை இல்லாமல், முதல் ஆறு பக்கம் இல்லாமல்
ஒன்று கிடந்தது.
முப்பத்தொன்றாம் பக்கம்:
"விழாது. எழுந்து நிற்கும் பார்."
அதே வால், இரண்டு தடவை.
பெயர் தெரியாது, எழுதினவர் தெரியாது.
ஷமீம் அக்கா எண்ணை மட்டும் குறித்துக்கொண்டார்.

ஏழாம் பக்கம் ஒரு வாக்கியத்தின் நடுவில் தொடங்குகிறது:
என்று சொன்னதும் ஆட்டை அவிழ்த்துவிட்டான்.
யார் சொன்னது, யாருடைய ஆடு, ஏன்?
முதல் பக்கம் என்று ஒன்று இருந்திருந்தால்
இதையும் மூடியிருப்பேன்.
வாசலே இல்லாததால்
பார்க்கும்போது உள்ளே இருந்தேன்.

இப்போது மணி மூன்று. இருபத்தெட்டாம் பக்கம்.
கொட்டிவிட்டு வந்த லாரி மேடையில் நிற்கிறது,
ஆரன் அடிக்கிறான்.
எது விழாது என்று தெரிய
இன்னும் மூன்று பக்கம் இருக்கிறது.
இருப்பா என்கிறேன்.
சிவப்பு எண்கள் நடுங்கி நடுங்கி
ஐயாயிரத்து எண்ணூற்று எழுபதில் நின்றுவிட்டன.
சீட்டு அடித்துக் கொடுத்த பிறகுதான் பார்த்தேன்,
அவன் இன்னும் லாரிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான்.
இறங்கச் சொல்ல மறந்துவிட்டேன்.