வீட்லதான இருக்க

காலை எட்டுக்கெல்லாம்
ஒஹாயோவின் நேற்றைய நோய்கள்
பாம்பனில் என் திரைக்கு வந்துவிடும்.
பனியில் வழுக்கி விழுந்தவர், நாய் கடித்தவர்,
வான்கோழி அறுக்கையில் விரலையும் சேர்த்து அறுத்தவர்.
ஆளுக்கொரு எண் போடுவது என் வேலை.
நாளைக்கு நூற்றிருபது பேர்.
குறைந்தால் சம்பளத்தில் கை வைப்பார்கள்.
கூடினால் குழுவில்
ஒரு மஞ்சள் கட்டைவிரல்.

இடுப்பு வலிக்கு எம் ஐம்பத்து நாலு புள்ளி ஐந்து.
அதைத் தட்டும்போதெல்லாம்
நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்துகொள்வேன்,
வாத்தியார் பேர் கூப்பிட்ட பிள்ளை மாதிரி.

சென்னையில் வாடகை எட்டாயிரத்து ஐநூறு.
அது மிச்சமாகும் என்றுதான் ஊருக்கு வந்தேன்.
இன்வெர்ட்டருக்கு இரண்டு பேட்டரி,
ஒரு நெட் செத்தால் இன்னொரு நெட்,
உப்புக்காற்று தின்ற லேப்டாப்புக்கு
மூன்றாவது கீபோர்டு,
தம்பியின் போட்டு எஞ்சினுக்கு மாதாமாதம் நான்.
விசைப்படகுக்கு அறுபத்தொரு நாள் தடைக்காலம் உண்டு.
தவணைக்குக் கிடையாது.

"வீட்லதான இருக்க."
சிலிண்டர்காரன் வந்தா வாங்கி வை.
இந்தா சாவி, சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்.
கோழிக்குஞ்சைப் பாத்துக்க, பருந்து சுத்துது.
வீட்டில்தான் இருந்தேன்
மெல்சியாவின் நிச்சயத்தன்றும்.
மாசக் கடைசி. தெரு திரும்பினால் அவள் வீடு.
அங்கே போட்ட பாட்டெல்லாம் இங்கே கேட்டது.
கேட்டபடியே
பதினேழு மூக்கெலும்பு முறிவுகளை முடித்தேன்.

கச்சான் சுழற்றி அடித்த ஒரு மத்தியானம்
பிதேலிஸ் அக்கா வந்தாள்,
இடுப்பில் செருகிய ஜவுளிக்கடைப் பைக்குள்
ராம்நாடு பெரியாஸ்பத்திரி ரிப்போர்ட்.
"நீ ஆஸ்பத்திரி வேலைதான பாக்குற, படி."
நான் டாக்டர் இல்லக்கா.
"அது தெரியும். டாக்டரு ரெண்டு நிமிசம் பாத்தாரு.
நீ நின்னு பாப்ப."
கிரியாட்டினின் இரண்டு புள்ளி ஒன்று.
வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லி
அடியில் பேனாவில் எழுதியிருந்தது.
யாரும் அவளுக்கு அதைச் சத்தமாகச் சொல்லவில்லை.

மறுநாள் அந்தோணியடிமை அண்ணன்
எக்ஸ்ரேயை வெயிலுக்குப் பிடித்தபடி வாசலில்.
அப்புறம் ஐஸ் கம்பெனி கணக்குப்பிள்ளை.
அப்புறம் மெல்சியாவே,
கோபத்தை முகத்திலும் ஸ்கேனைக் கையிலும் வைத்துக்கொண்டு.
காசு கிடையாது.
ஒரு பொட்டலம் நகரை, அரைக்கிலோ கணவாய்,
ஒருமுறை ஐந்து எலுமிச்சம்பழம்.
கணவாய் அலசும் அரைமணியில்
ஏழு பேர் குறைந்துபோகிறார்கள் ஒஹாயோவில்.
"உங்க ஊர்ல நெட் சரியில்லையா?" என்றார் டீம் லீடர்.
ஆமா சார் என்றேன்.

அன்று ஒரு பெண், வயது முப்பத்தாறு.
சிகிச்சை முடிந்து கூட்டிப்போக ஆளில்லாததால்
வேறு தேதி கொடுத்திருந்தார்கள்.
தனியாக வாழ்தல்: இஸட் அறுபது புள்ளி இரண்டு.
எனக்கு அது பொருந்தாது.
அம்மா இருக்கிறாள், பக்கத்து வீட்டுச் சாவி இருக்கிறது.
ஆனாலும் விரல் கொஞ்சநேரம்
அந்த இரண்டின் மேலேயே நின்றது.

"எல்லாரு ரிப்போர்ட்டும் படிக்கிறியே, உன்னோடது எங்க?"
எடுத்ததில்லக்கா.
"நாளைக்கு ஏழு மணி பஸ்ஸு. வெறும் வயித்தோட வா."
எனக்கு ஷிஃப்ட் இருக்குக்கா.
"வீட்லதான இருக்க," என்றாள், சிரிக்காமல்.

பாலத்தில் பஸ் ஏறியதும் காற்று பேச்சைப் பிடுங்கிக்கொண்டது.
அக்கா என் தோளில் தூங்கினாள்.
நூற்றிருபது பேர் போனுக்குள் அதிர்ந்துகொண்டே வந்தார்கள்.

லேபில் அந்தப் பெண் கேட்டாள்: என்ன வேலை?
வீட்ல இருந்து.
"ஹவுஸ்வைஃப்" என்று எழுதிக்கொண்டாள்.
தப்பான எண் போட்டால்
எங்கள் ஆபீசில் அரை மார்க் வெட்டுவார்கள்.
நான் திருத்தவில்லை, பசி.

பஞ்சை முழங்கை மடக்கி இறுக்கியபடி
ஒற்றைக் கையால் இட்லி பிட்டேன்.
அக்கா தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தது
சாம்பார் இல்லை. மீன்குழம்பு,
நேற்றையது.