அளவுகோலில் மூன்று விரல்

மேட்டூரில் பூத் தூவித் திறந்தார்களாம்.
பத்தொன்பது வருடமாக இந்த மதகில் லஸ்கர் நான்.
ஒரு இதழ்கூட இதுவரை மிதந்து வந்ததில்லை.
பன்னிரண்டாயிரம் கன அடி என்கிறது செய்தி.
பிறகு ஆறு பிரியும், கணக்கு பிரியும்,
தூர் வாரியதாக எழுதிய வாய்க்கால்களில்
நாணலும் ஆகாயத்தாமரையும்
தம் பங்கைக் குடித்துக்கொள்ளும்.
தலைஞாயிறு வரும்போது
அளவுகோலில் மூன்று விரல் ஈரம்.

அதனால்தான்
டீக்கடை டிவியில் கோட்டுப் போட்டவர்கள்
ஒவ்வொருவராய் எழுந்து
காசாவைக் கட்ட எங்கள் நாடு இத்தனை கோடி,
எங்கள் நாடு இத்தனை என்று
கை குலுக்கிக்கொண்டபோது
என்னையறியாமல் கேட்டுவிட்டேன்:
"கடைமடைக்கு எவ்வளவு?"
மாஸ்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

திருப்பூண்டி பள்ளி, பத்தாம் வகுப்பு பி பிரிவு.
வாட்ஸ்அப் குழுவில் இன்னும் முப்பத்தோரு பேர்.
நைனா முகம்மது அம்மானில்
நிவாரணக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான்.
கூடாரம், மாவு, போர்வை, பைப்பு.
ஏற்றியது போகும், போனது சில நாளில் திரும்பும்.
ஒருநாள் குரல் அனுப்பினான்:
"பைப்பு போகலாமாம்டா.
பைப்பை இணைக்கிற முழங்கைக்கு அனுமதி இல்லையாம்."
பின்னால் லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன.
தண்ணீரோடு வாழ்கிறவன் நான்,
முழங்கை இல்லாமல் அதை எப்படித் திருப்புவது
என்று எனக்கும் தெரியவில்லை.

ஜெசிந்தா அஷ்கெலானில் இருக்கிறாள்.
வேளாங்கண்ணிக்காரி, நர்சிங் முடித்துப் போனவள்,
ஒரு வீட்டில் ஒருவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி.
அதிகம் எழுதமாட்டாள்.
"சைரன் நின்னு எவ்வளவோ நாளாச்சு.
அவர் இன்னிக்கும் படிக்கட்டுக்கு அடியிலதான் தூங்குறார்.
பேத்தி தட்டைக் கழுவி மேசையில வைக்கச் சொல்றார்."

அதே இரவு நைனா போட்டிருந்தான் ஒரு படம்.
வீடில்லாத தெருவில் ஒரு கதவு மட்டும்,
அதில் பூட்டு.
இரண்டுக்கும் கீழே
முப்பது பேரும் மௌனம்.
விடிந்ததும் யாரோ ரோஜாப்பூவோடு
காலை வணக்கம் அனுப்பினார்கள்.

கடல் ஏறி வந்த வருடம் எங்களுக்கும் வந்தது உதவி.
செருதூரில் மாமா வீட்டுச் சுவரில்
வாயில் நுழையாத ஊர்ப்பெயர் ஒன்று
கல்லில் வெட்டி, இன்றும் இருக்கிறது.
வீடு நல்ல வீடு. மறக்கக்கூடாது.
கம்பளிச் சட்டைகளும் வந்தன, மூட்டை மூட்டையாக,
நாகப்பட்டினத்து வெயிலுக்கு.
ஒன்றைச் சோளக்கொல்லை பொம்மைக்கு மாட்டினோம்,
குளிர் நாட்டு மார்பில்
காக்கை உட்கார்ந்தது.
என்ன வேண்டும் என்று கேட்டு வந்தவள் ஒருத்திதான்.
பெயர் மறந்துவிட்டது.
தரையில் உட்கார்ந்து, பென்சிலால்,
காணாமல் போன படகுகளின் பெயரை
ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள்.

பௌர்ணமியில் கடல் இந்த மதகு வரை ஏறும்.
ஷட்டரை இறக்காவிட்டால்
உப்பு வயலுக்குள் போய் உட்கார்ந்துவிடும்,
பிறகு எத்தனை மழை பெய்தாலும் மண் பேசாது.
திறப்பது ஒரு பகல் வேலை. பூ உண்டு, போட்டோ உண்டு.
உப்பு ஏறாமல் காப்பது
இரண்டு மணிக்கு எழுந்து
துருப்பிடித்த சக்கரத்தைச் சுற்றுகிறவன் வேலை.
சம்பளம் போன மாதமே பாக்கி.
அங்கே அந்தச் சக்கரத்துக்கு
யாரை நியமித்திருக்கிறார்கள்?
டிவியில் அதைச் சொல்லவில்லை.

தினமும் அளவைக் குழுவில் போடுவது என் பழக்கம்.
ஊர் ஆறு எப்படி இருக்கிறதென்று
தூரத்தில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.
நேற்று போட மறந்தேன்.
நள்ளிரவில் ஜெசிந்தா கேட்டிருந்தாள்: "வந்துச்சா?"
அதன் கீழேயே நைனா: "வந்துச்சா?"
யார் யாரைக் கேட்கிறார்கள்,
எதைக் கேட்கிறார்கள் என்று
டார்ச்சை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.
தவளைகள் கத்தின.
குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு
எழுதினேன்:
"நனைஞ்சிருக்கு."