நெல்லளவு

நான் வாங்குகிறவள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
பெட்டி வரும், பஞ்சை விலக்குவேன்,
ஆள் தயார்:
பொத்தான் வரை வண்ணம் பூசி,
துப்பாக்கியைத் தோளில் சாத்தி,
மீசையோடு, கோபத்தோடு, விலைச்சீட்டோடு.
ஓஸ்ட்ராவா டிராம் பணிமனையின் கணக்குப் பிரிவில்
பகலெல்லாம் பிறர் பிழைகளைத் திருத்துகிறவளுக்கு
மாலையில்
திருத்த ஏதுமில்லாத ஒன்று வேண்டும்.
கண்ணாடி அலமாரியில் நூற்றுப் பதினேழு பேர்.
இதுவரை யாரும் சுடவில்லை.

மேல்மாடி போஹுமிர் கட்டுகிறவன்.
பல்செட் செய்வது பிழைப்பு,
வீட்டிலும் அதே அரம், இடுக்கி, பூதக்கண்ணாடி.
பசை நெடிக்காக ஜனவரியிலும் ஜன்னல் திறந்திருக்கும்.
"காசு கொடுத்தால் படையே வரும்.
வந்தது உனக்குச் சொந்தமா,
உன்னிடம் குடியிருக்கிறதா?" என்பான்.
"கட்டிலுக்கடியில் பிரிக்காத பெட்டி நாற்பது.
நீயும்தான் வாங்குகிறாய்" என்பேன்.
அன்றையத் தேநீர் அத்தோடு ஆறும்.

இந்தக் குளிருக்கு அவன் எடுத்தது ஒரு டாங்கி.
முப்பத்தைந்தில் ஒரு பங்கு,
எழுநூற்றுச் சொச்சம் துண்டுகள்.
இருக்கைத் தோலில் உட்கார்ந்த மடிப்பு,
இஞ்சினுக்கு ஈயக் கம்பியில் குழாய்கள்,
தரையில் யாரோ சிந்திய எண்ணெய்க் கறை கூட.
நாற்பத்தோரு இரவு.
பிறகு மேல்தட்டை வைத்து ஒட்டிவிட்டான்.
"இனி யார் பார்ப்பார்?"
"யாரும் பார்க்க மாட்டார்கள்."
அந்தக் குரலில் வருத்தமே இல்லை.
எனக்கு எரிச்சல் அதில்தான்.

கோபுரத்து மூடி மட்டும் திறந்திருந்தது.
அங்கே நிற்க ஓர் ஆள் வேண்டும்.
போஹுமிருக்கு முகம் வராது;
எத்தனை தூரிகை மாற்றினாலும்
கண்கள் சந்தைத் தட்டு மீன் மாதிரி விழிக்கும்.
தலையைச் சொறிந்துகொண்டு கடன் கேட்டான்.
தொலைநோக்கியோடு நிற்கும் என் அதிகாரியைக்
கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனேன்.

அளந்தான்.
என் ஆட்கள் முப்பதில் ஒரு பங்கு.
ஒரு நெல்லளவு கூடுதல், அவ்வளவுதான்.
ஆனாலும் துளையில் தோள் இடித்தது.
தோளை அரத்தால் தேய்க்கலாம்.
கால்தான்.
"இடுப்புக்குக் கீழே அறுத்தால் போதும்" என்றான்,
"எப்படியும் வெளியே தெரியாது."
பல்லுக்கு அளவெடுக்கும் அதே சாந்தமான கை;
ரம்பம் என் ஆளின் கோட்டு மடிப்பில்
ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

அசல் பெட்டி, சான்றிதழ், மறுவிற்பனை மதிப்பு என்று
என்னென்னவோ சொன்னேன்.
சொல்ல வந்தது அதுவல்ல.
நிற்கட்டும் என்றுதானே இவர்களை வாங்கினேன்.
நிற்கக் கால் வேண்டும்.

மூன்று வாரம் பேச்சில்லை.
படிக்கட்டில் அவன் பூட்ஸ் சத்தம் கேட்டால்
சாவியைத் தேடுவதாகப் பாவனை செய்தேன்,
என் வீட்டுக்குள்ளேயே.

மார்ச்சில் அவனாகக் கூப்பிட்டான்.
துளையில் ஓர் ஆள்.
பிசினில் பிசைந்தது;
கழுத்து எங்கே தொடங்குகிறதென்று தெரியவில்லை.
முதுகில் கட்டைவிரல் ரேகை, அழிக்காமல்.
அவன் வெளியே பார்க்கவில்லை.
விளிம்பை இரு கையாலும் பிடித்துக் குனிந்து
உள்ளே,
அந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
முகத்துக்கு வேலையே இல்லை.

"எவ்வளவு?" என்றேன். வாய்ப்பழக்கம்.
போஹுமிர் சிரித்தான்.
டாங்கியை என் பக்கத்திலிருந்து கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.

இரவு அலமாரியைத் திறந்து
அதிகாரியைத் திருப்பினேன்.
எட்டு வருடத்தில் இப்போதுதான் அவன் முதுகைப் பார்க்கிறேன்.
காலருக்குக் கீழே, மெருகுக்குள் புதைந்து
ஒரு தூரிகை மயிர்.
எந்த ஊர்ப் பட்டறையோ,
எந்த ஷிப்டின் கடைசி ஆளோ.
நகத்தால் நிமிண்டினேன்.
வரவில்லை.
இன்னொரு முறை நிமிண்டவில்லை.