பத்திரம்

முதல் தடவை அதைத் தலைசுற்றல் என்றுதான் நினைத்தேன்.
ரத்த அழுத்த மாத்திரை போட்டேனா இல்லையா என்று
டப்பாவைத் திறந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.
யுஸ்னியார் அதற்குள் சாப்பாட்டு மேசைக்கடியில் இருந்தாள்,
ஒரு கையில் மேசைக்கால்,
மறு கையில் என் மகன் கவினின் சட்டைக் காலர்.
அப்புறம்தான் பார்த்தேன்
கூடத்து விளக்கு
வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டுவதை.

காலாங் பாரு, பத்தொன்பதாம் மாடி.
இந்தத் தீவில் நிலம் நடுங்காது என்று
பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்.
நடுங்குவது சுமத்ரா.
அது கடலைக் கடந்து களைத்து வந்து
நமக்கடியில் கிடக்கும் களிமண்ணில்
கொஞ்சம் புரண்டு படுத்துவிட்டுப் போகிறது.
ஒன்பது நாளில் பதினொரு முறை புரண்டது.
சீட்டுப்பணம் குறிப்பதுபோல்
நாட்காட்டியில் கோடு போட்டு வைத்தேன்.

இரண்டாவதற்கு புளோக்கே கீழே இறங்கி நின்றது.
ரோஹாயா அரிசிக் குக்கரோடு வந்திருந்தார்,
சோறு பாதிதான் வெந்திருந்ததாம்.
ஐந்தாவதற்கு
திரு. டியோவும் அவர் கூண்டுக் குருவியும் மட்டும்.
நகர மன்றத்து ஆள் வந்து
மின்தூக்கி அருகே ஓடிய கீறலை நகத்தால் சுரண்டி
'சாயம்தான், சுவர் இல்லை' என்றார்.
நாங்கள் நம்பினோம். குருவி நம்பவில்லை.

யுஸ்னியாரின் தங்கை பாரியாமானில் இருக்கிறாள்.
அங்கே ஆடியதும் கைப்பேசியில் ஒற்றைச் சொல் வரும்:
கெம்பா.
அதற்கு ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் எங்கள் விளக்கு.
அந்த ஒன்றரை நிமிடத்தில் அவள்
அடுப்பை அணைப்பாள், எண்ணெய்ச் சட்டியை இறக்குவாள்,
தொலைக்காட்சிப் பெட்டியருகே
ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்துவிட்டு,
பேருந்து வருவதைச் சொல்வதுபோல்
'மேம், வருது' என்பாள்.
வரும்.
அவள் ஊரில் ஓடு சரித்தது
எங்கள் வீட்டில் தண்ணீரைத் தளும்பவைத்துவிட்டு
மரியாதையாகப் போய்விடும்.

ஒன்பதாவது முறை விளக்கு முந்திக்கொண்டது.
கைப்பேசி சும்மா இருந்தது.
யுஸ்னியார் மேசைக்கடியில் போகவில்லை.
கூடத்து நடுவில் நின்றாள்,
வீடு ஆடி ஓய்ந்த பிறகும்
அவள் மட்டும் ஓயாமல்.
கவின் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.
எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை,
தேநீர் போட்டேன். அது ஆறிப்போனது.
இரவு ஒரு மணிக்குப் படம் வந்தது:
ஒரு தார்ப்பாய், ஆறு பேர், ஒரு கோழி.
வீடு நிற்கிறது,
உள்ளே போகத்தான் யாருக்கும் மனமில்லை.

மறுநாள் குடிமைத் தற்காப்புப் படையின் பட்டியலை வைத்துக்கொண்டு
அவசரப் பை கட்ட உட்கார்ந்தேன்.
டார்ச், பேட்டரி, பிஸ்கட், விசில்,
கணவரின் இன்சுலின், மாற்றுக் கண்ணாடி,
கடப்பிதழ்கள்.
அலமாரிப் பூட்டைத் திறந்தால்
எங்கள் மூன்று சிவப்புக்கு அடியில்
ஒரு பச்சை.
இரண்டு வருடமாக அங்கேயே இருந்தது.
'பத்திரமா இருக்கட்டும்' என்று வாங்கி வைத்தவள் நான்தான்.
தமிழில் பத்திரத்துக்கு இரண்டு அர்த்தம்.
இரண்டையும் சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிறேன்.

பையில் நாலாவதாக அதைப் போடப் போன கை
நின்றுவிட்டது.
வீடு இறங்கி ஓடும் நேரத்தில்
இந்தப் பை என் தோளில் இருக்கும்.
அவள் எந்தப் படியில் இருப்பாள்?

கொடுத்தேன்.
நன்றி என்று சொல்லவில்லை அவள்.
நான் எதிர்பார்த்தேன் என்பதை
இங்கே எழுதிவிடுவதுதான் நியாயம்.
சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து
ஒரு துணிப்பையை எடுத்தாள்.
கைலி, டார்ச், தங்கையின் படம்,
நைலான் கயிறு ஒரு சுருள்.
வந்த முதல் வாரமே கட்டியதாம்.
பக்கவாட்டில் காலியாக ஒரு சிறு அறை,
பச்சைக் கடப்பிதழ் அதில் உரசாமல் இறங்கியது.

அதன் பிறகு இரண்டு முறை ஆடியது, லேசாக.
பிறகு இல்லை.
நாட்காட்டியில் வெறும் கட்டங்கள்.
கிளாஸ் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது,
தூசி படிந்து, ஓர் எறும்பு மிதந்து.
யாரும் எடுக்கவில்லை.
சனிக்கிழமை பந்து விளையாடிவிட்டு வந்த கவின்
பார்க்காமல் மடக் மடக்கென்று குடித்துவிட்டான்.
யுஸ்னியார் சிரித்தாள், ரொம்ப நாள் கழித்து.

கழுவி மறுபடி நிரப்பினேன்,
விளிம்புக்கு ஒரு விரல் கீழே,
தளும்ப இடம் விட்டு.