இடது கால்கள்

கணியம்பாடி தாண்டியதும் பஸ்ஸுக்குள் காற்று மாறியது.
தோல் வாசனை எங்கள் கூந்தலை விட்டு இறங்க
இன்னும் இரண்டு நிறுத்தம் ஆனது.
ஏழு பேர், ஒரே லைன்,
ஷூவின் மேல்பாகம் தைக்கிறவர்கள்.
ஓவர்டைம் இல்லாத ஒரு ஞாயிறு
எப்படியோ கிடைத்துவிட்டது.

அமிர்தி போகிற வழியில் அந்தக் காட்டுப் பூங்கா.
வாசலில் பத்து ரூபாய்ச் சீட்டு,
பலகையில் மூன்று அம்புக்குறி:
ஓடைப் பாதை, மூங்கில் பாதை, சிற்பப் பாதை.
"எதுல பாத்ரூம் கீது?" என்றாள் பர்ஹத்.
கலையின் பக்கம் நாங்கள் திரும்பியது
அப்படித்தான்.

முதலில் ஓர் இரும்பு மான்.
சைக்கிள் செயின் கழுத்து, ஸ்பேனர் கொம்பு.
அதன் நிழலில் நிஜமான ஓணான் ஒன்று
வாடகை தராத குடித்தனக்காரனைப்போல் படுத்திருந்தது.
அடுத்து, நடுவில் ஓட்டை போட்ட கருங்கல்.
இதன் வழியே ஜவ்வாது மலையைக் காண்க, என்று எழுத்து.
குனிந்து பார்த்தேன்.
எஸ்தரின் கொண்டையும்
அதில் காலையில் வைத்த கனகாம்பரமும் தெரிந்தன.
மலை அதற்குப் பின்னால் எங்கேயோ இருந்திருக்கும்.

எலுமிச்சைச் சாதத்தை ஒரு குரங்கு தூக்கிப்போனது.
மூடியை மட்டும் திருப்பிப் போட்டது.

மூங்கில் முடிகிற வளைவில்
அந்த நாவல் மரம்.
கிளைகளிலிருந்து கால்கள் தொங்கின.
நூறு, நூற்றைம்பது கால்கள்,
பச்சை, மஞ்சள், வெளுத்த சிவப்பு,
காற்று தள்ளும்போதெல்லாம்
ஓர் அடி முன்னே, ஓர் அடி பின்னே.
எங்களுக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பையன்கள்
பேய், என்றார்கள், செம, என்றார்கள்,
படம் எடுத்துக்கொண்டார்கள்.
நாங்கள் ஏழு பேரும் ஒன்றும் பேசவில்லை.

லாஸ்ட்டு.
ஷூவை இழுத்துப் போர்த்தும் அச்சு.
எந்தக் கம்பெனியோ கழித்துப்போட்டது.
குதிகாலில் சைஸ் நம்பர் இன்னும் அழியவில்லை:
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.

நான்தான் முதலில் பார்த்தேன்.
"எல்லாமே லெஃப்டுடி."
எஸ்தர் எண்ணிப் பார்த்தாள், உதடு அசைய.
எல்லாமே இடது.
பலகையில் கலைஞர் நீளமாக எழுதியிருந்தார்,
பயணம், வேர், இடம்பெயர்தல்.
வலது கால்கள் எங்கே என்று அதில் இல்லை.
ஒருவேளை அவை இன்னும் வேலையில் இருக்கின்றன.

நாங்கள் தைக்கிற மாடலும் காட்டில் நடப்பதற்குத்தான்.
பெட்டியின் மூடியில் பைன் மரங்கள்,
சேறு தெறித்த இரண்டு ஷூக்கள்,
முழங்காலோடு முடிந்துபோன ஓர் ஆள்.
ஒன்பது வருடம்.
ஒரு நாளைக்கு லைனில் எண்ணூறு ஜோடி.
எத்தனை காட்டுக்குள் போயிருப்பேன் என்று
கணக்குப் போட ஆரம்பித்து
நடுவில் விட்டுவிட்டேன்.

அப்போதுதான் என் ரப்பர் செருப்பின் வார் அறுந்தது.
ஊக்கு போட்டு ஆறு மாதம் ஓட்டியது,
வலது கால் செருப்பு.
பர்ஹத் அதைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள்,
தூரத்தில் பீடி பற்றவைத்த காவலரைப் பார்த்தாள்.
எஸ்தர் இடுப்பைக் கொடுத்துத் தூக்க
தாழ்ந்த கிளையில்,
ஒரு நாற்பத்திரண்டுக்குப் பக்கத்தில்
மாட்டிவிட்டாள்.
"தொடாதீங்கமா!" என்று காவலர் ஓடிவந்தார்.
மரத்தை ஒருமுறை சுற்றினார்.
எது கூடியிருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

திரும்பும் வழி முழுக்க
ஒரு கால் செருப்பில், ஒரு கால் மண்ணில்.
நிழலில் குளிர்ந்தது, வெயிலில் சுட்டது,
சருகு ஓர் இடத்தில் ஈரமாய் இருந்தது.
இடது காலுக்கு இதில் எதுவும் தெரியாது.

"இன்னொண்ணு எங்கம்மா?" என்றார் கண்டக்டர்.
"பூங்காவுல நிக்குது" என்றாள் பர்ஹத்,
"அதுக்கும் சேத்து டிக்கெட் போடாத."

திங்கள் காலை, எட்டே கால்.
தையல் மெஷினின் பெடலை மிதிப்பது வலது கால்.
பெருவிரலுக்குக் கீழே சுருக்கென்றது.
என்ன முள் என்று தெரியவில்லை.
ஊசி கையிலேயே இருந்தது,
எடுத்திருக்கலாம்.
மதியச் சங்கு ஊதும்வரை
வைத்திருந்தேன்.