அறுத்த பின் கதிர்

தம்பலகாமத்தில் கதிர் வந்த பிறகுதான் அறுப்பார்கள்.
எனக்கு அறுத்துவிட்டு
கதிருக்கு நாள் குறித்துத் தந்தார்கள்.

இடது முழங்கால்.
கிளச் மிதிக்கிற கால்.
டிராக்டர் செய்த வேலை என்று தர்மிளா ஏசினாள்,
நொச்சி கட்டினாள்,
கன்னியாவில் ஏழு கிணற்றுச் சுடுநீரையும்
வாளி வாளியாக வார்த்தாள்.
வடிந்த வீக்கம்
அடுத்த பறுவத்துக்குள் திரும்பி வந்து குந்தியது.

பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டு இழுத்தார்கள்.
நீர் என்றிருந்தேன்.
குழாயில் ஏறியது
ஊறிப்போன பிளேன்டீயின் நிறம்.

டொக்டர் துஷ்யந்தன் தன் காற்சட்டைப் பையை
வெளியே இழுத்துக் காட்டினார்.
"மூட்டுக்கும் இப்படி ஒரு உள்துணி இருக்கு.
உங்கட துணி தடிச்சு முளைக்குது."
புற்றா?
"இல்லை.
ஆனா விட்டா எலும்பை அரிக்கும்."
அந்த இல்லைக்கும் ஆனாவுக்கும் நடுவில்
சன்னலுக்கு வெளியே ஒரு மான்
கன்ரீன் வாசலில் லஞ்ச்ஷீற் மென்றுகொண்டு நின்றது.

முன்பக்கம் ஒருதரம், பின்பக்கம் ஒருதரம்.
போத்தலில் போட்டுக் காட்டினார்கள்,
துருப்பிடித்த பாசி.
என்னுடையதாம்.
"நரம்போட ஒட்டின மூலையில கத்தி வைக்க ஏலாது.
மிச்சத்துக்குக் கதிர்."

வயற்காரனுக்கு இது விளங்கும்.
கோரையைப் பிடுங்கினாலும்
கிழங்கு சேற்றுக்குள் கிடக்கும்.

ஊரில் வெட்டுத் தொடங்கிய கிழமை
என் டிராக்டரில் ரமீஸ் ஏறினான்.
நான் வெருகல் தாண்டுகிற பஸ்ஸில்.
திங்கள் போய் வெள்ளி வந்தேன், நாலு கிழமை.
மட்டக்களப்பில்
கதிருக்காகக் கதிரையில் காத்திருந்தோம்.
தொண்டைக்கு வந்த பாக்கியவதி அக்காவுக்குக் குரல் இல்லை,
கொப்பியில் எழுதிக் கேட்டா:
தம்பிக்கு எவடம்?
முழங்காலைக் காட்டினேன். காட்டிய விரல் கூசியது.
கொப்பியை வாங்கி இன்னொரு வரி எழுதினா:
நடக்கிற இடமெல்லோ, அதுவும் பெரிசுதான்.

கதிர் சுடவில்லை.
தூரத்து வயலில் மெஷின் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல்,
பிறகு "எழும்புங்கோ" என்றார்கள்.
மூன்று பாலம் கடந்து வந்தது
அந்த ஒரு நிமிசத்துக்கு.

இப்போது நஸ்ரின் மிஸ்
காலில் கோணமானியை வைத்து எழுதுகிறா.
போன கிழமை எண்பத்தெட்டு. இன்றைக்குத் தொண்ணூற்றிரண்டு.
கிளச்சுக்கு எத்தனை வேணும் மிஸ்?
அவவுக்குத் தெரியவில்லை.
திரும்ப முளைக்கலாம் என்று காட்டில் இருக்கிறது,
ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கான் என்றும்.

நேற்றுப் பின்னேரம்
எஞ்சினைப் போடாமல் ஏறி இருந்து மிதித்துப் பார்த்தேன்.
பாதி போனது.
கீழே நின்ற தர்மிளா குனிந்து
மீதிப் பாதியைத் தன் கையால் அமர்த்திப் பிடித்தாள்.

"என்ன பாக்கிறாய்?
கியரைப் போடு."