கோடிட்ட சொல்

ஐம்பத்து மூன்றாம் கேள்வியில்
ஒரு சொல்லின் அடியில் கோடு போட்டிருந்தார்கள்.
அபேட்.
நான் கண்டதே இல்லை.
பாம்பன் ஐஸ் கம்பெனியின் எந்தப் பில்லிலும்
அது வந்ததில்லை.

ஏ.சி. குளிர் எனக்குப் புதிதல்ல.
பக்கத்துப் பரமக்குடிப் பையன்தான்
கைக்குட்டையைக் கழுத்தில் சுற்றியிருந்தான்.
திரையின் மூலையில் நேரம் உருகிக்கொண்டிருந்தது,
வெயிலில் இறக்கிவைத்த ஐஸ் பார் போல.

நான் படித்தது பழைய கைடு,
ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு வாசலில் நாற்பது ரூபாய்.
விடைகள் இருந்த கடைசிப் பதினெட்டுப் பக்கத்தை
யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள்.
அதில் வந்த பழக்கம்:
தெரியாத சொல்லை முறைத்துக்கொண்டு இருக்கமாட்டேன்.
அது யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது,
முன்னால் நிற்பது 'ஆனாலும்'தானா 'ஆகவே'தானா,
அதைத்தான் பார்ப்பேன்.

கம்பெனியில் என் ஜன்னல் ரோட்டுப் பக்கம்.
படகு கண்ணில் படாது.
எத்தனை பார் கேட்கிறார்கள் என்பதிலேயே
கடல் என்ன கொடுத்தது என்று தெரிந்துவிடும்.
"முப்பது, நல்லா உடைச்சுக் குடு" என்றால் இறால்.
"ரெண்டு போதும்" என்று ஒருவன்
தரையைப் பார்த்துச் சொன்னால்
டீசல் காசுகூடத் தேறவில்லை.

வாக்கியம் இது:
புயல் அபேட் ஆகவில்லை; ஆகவே
கப்பல்கள் துறைமுகத்திலேயே நின்றன.

நான்கு விடைகள்.
'வாதம்' என்று ஒன்று.
டிபேட்டின் தம்பி என்று நம்பி வருகிறவனுக்கு
விரித்துவைத்த வலை.
'வலுத்தல்' என்று ஒன்று.
புயல் என்றதும் கை அங்கேதான் போகும்.
போனது. இழுத்துக்கொண்டேன்.

'இல்லை'யைப் பார்த்தேன். 'ஆகவே'யைப் பார்த்தேன்.
பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றி
ஆறு நாளாக டோக்கன் கிடையாது,
கட்டிய படகுகள் சும்மா ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன.
எது நடக்காததால் யாரும் போகவில்லை?
காற்று
தணியாததால்.
மூன்றாவது விடை. அழுத்தினேன்.

ஐம்பத்தேழு மோசம்.
வாக்கியமே இல்லை. வெறும் சொல்,
தனுஷ்கோடி மணலில் ஒதுங்கிய
ஒற்றைச் செருப்பு மாதிரி.
யார் கால், எந்தக் கரை, ஒன்றும் சொல்லாது.
தப்பானால் கால் மதிப்பெண் கழிப்பார்கள்.
விட்டுவிட்டேன்.

லீவு கேட்டபோது சந்தியாகு முதலாளி
"பாப்போம் ஜூடித்து" என்றார்.
அகராதியில் அதற்கு என்ன போட்டிருக்கிறதோ.
அவர் நோட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.
தலை நிமிரவில்லை, எண்ணிக்கையும் தப்பவில்லை.
நாலு வருஷத்தில் நான் கண்ட
நெருங்கிய பொருள்: கிடையாது.
சம்பளம் போனால் போகிறதென்று வந்தேன்.

திரும்பும் பஸ் பாலத்தில் ஏறும்போது
போனில் அவர் பெயர்.
ஒரே ஒரு மிஸ்டு கால்.
வசவா,
கணக்கை முடித்துக்கொள் என்பதா,
சாவி எங்கே என்பதா?
சொல்லே இல்லாமல் கோடு மட்டும் போட்ட கேள்வி.

ஜன்னலைத் திறந்தேன். முந்தாநாள் இதே பாலத்தில்
என் துப்பட்டாவைப் பறித்த வாடை
முடியைக்கூடக் கலைக்கவில்லை.
கீழே தண்ணீர் மடிப்பு மடிப்பாகப் படுத்திருந்தது.
பாம்பன் இறக்கத்தில் கூண்டைத் தேடினேன்.
கம்பம்தான் நின்றது.

அபேட், என்றேன், வாய்விட்டு.
ஏதோ ஊர்ப்பெயர் என்று கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

கூண்டு இறங்கினால் டோக்கன்.
டோக்கன் என்றால் விடியுமுன் இருநூறு பார்.
இருநூறு பாருக்குப் பில் போட
அந்தக் கம்பெனியில் வேறு யார் இருக்கிறார்கள்?

உடனே கூப்பிடவில்லை.
ஒரு மணியை வைத்துப் பொருள் சொல்லக் கூடாது.
இன்னொன்று அடிக்கட்டும்.